நெட் சிலருக்கு மட்டும் வரவில்லையா? ரவுட்டரைத் தொடும் முன் பாருங்கள்

நண்பர்களே, நெட் நின்றதும் ரவுட்டரை ஆஃப் செய்துவிடாதீர்கள். எல்லோருக்கும் போயிற்றா, சிலருக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள். எல்லோருக்கும் போய், ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளி லைன்தான் கோளாறு. இணைப்பு தருபவரைக் கூப்பிடுங்கள்.

சிலருக்கு மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் உள்ளேதான். நெட் வராத விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கொடுங்கள். அந்தக் கணினியின் நெட்வொர்க் முகவரி (ஐபி) தெரியும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே தரவில்லை. கேபிளையும், நெட்வொர்க் சுவிட்சில் (பல கணினிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டி) அது செருகியிருக்கும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் முகவரிகள் தீர்ந்திருக்கலாம். ரவுட்டரில் முகவரியின் கடைசி எண்ணை 100 முதல் 149 வரை ஒதுக்கியிருந்தால் 50 கருவிகளோடு சரி. பாக்கெட்டில் இருக்கும் மொபைலும் அதில் ஒன்று! 200 வரை நீட்டிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு 192.168.1, ஒருவருக்கு மட்டும் 192.168.0 என்று வந்தால், யாரோ வைஃபைக்காக இன்னொரு ரவுட்டரை அதன் லேன் போர்ட் (உள் கணினிகளுக்கான போர்ட்) வழியாகச் செருகியிருக்கலாம். இரண்டும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். எது முந்துகிறதோ அதுதான். அதனால்தான் காலையில் வேலை செய்த கணினி மதியம் படுத்துவிடுகிறது. புதிய ரவுட்டரில் டிஎச்சிபியை (தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்கள். கேபிள் லேன் போர்ட்டிலேயே இருக்கட்டும்.

சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடத்தால், ஒரே கேபிளின் இரு முனையும் அதில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அடிக்கடி நடப்பதுதான்.

கமாண்ட் பிராம்ப்டில் 'பிங் 8.8.8.8' (ping, கூகுளின் சர்வர் பதில் தருகிறதா என்று பார்ப்பது) கொடுத்தால் பதில் வருகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) அமைப்பைப் பாருங்கள்.