ஸ்காபரோவிலிருந்து அப்பாவுக்கு

ஸ்காபரோ, ரொறன்ரோ
செப்டெம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கு நல்ல சுகம். உங்களதும் அம்மாவினதும் சுகத்தை அறிய ஆவலாக இருக்கிறோம். நான் அனுப்பிய மொனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுவின் படத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் காட்டுக்குப் போய் இதைப் பிடித்தாய், இவ்வளவு கிட்டப் போனால் அது விலகி ஓடாதா என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஆறுதலாக எழுதுவது நல்லது என்று பட்டது.

காடு ஒன்றுமில்லை, அப்பா. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்புறம், உயரழுத்த மின்கம்பிகள் செல்லும் நீண்ட வெளியொன்று இருக்கிறது. வீடு கட்ட முடியாத நிலமென்பதால் பல காலமாகப் புல்லை ஒட்ட வெட்டி வெறுமையாக விட்டிருந்தார்கள். இப்போது மெடோவே என்ற பெயரில் அதைச் சிறிது சிறிதாகக் காட்டுப் பூக்களும் உயர்ந்த புற்களும் வளரும் வெளியாக மாற்றி வருகிறார்கள். மேற்கே டொன் பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே ரூஜ் தேசிய நகரப் பூங்கா வரைக்கும் 16 கிலோமீற்றர் நீளம். பரப்பு ஏறக்குறைய 200 ஹெக்டேயர். எனக்கு வேலை பிற்பகலில்தான் தொடங்குகிறது. ஆகவே கோடைகாலக் காலைகளில் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். பாடசாலை விடுமுறை நாட்களில் உங்கள் பேத்தியும் கூட வருவாள். புழுவைக் கண்டுபிடிப்பதில் அவளுடைய கண் என்னுடையதைவிடக் கூர்மை.

அங்கே வளரும் ஒரு செடியை நீங்கள் பார்த்தவுடனேயே இனம் கண்டுவிடுவீர்கள். தடித்த இலை, கிள்ளினால் வெள்ளைப் பால், காய் வெடித்தால் பஞ்சோடு பறக்கும் விதை. இங்கே மில்க்வீட் என்று சொல்லும் அது நம்முடைய எருக்கலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊரில் எங்கள் ஒழுங்கை வேலியோரத்து எருக்கலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிகள் கொண்ட புழு இருக்குமல்லவா, செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாக மாறுவது, அதன் நெருங்கிய உறவினம்தான் நான் படம் பிடித்த மொனார்க். மில்க்வீட் இனங்களைத் தவிர வேறெதையும் தின்று இந்தப் புழு வளராது. அந்தப் பாலின் நஞ்சு உடலில் சேர்ந்து, அதைப் பெரும்பாலான பறவைகளிடமிருந்து காக்கிறது. இத்தகைய செடியை ஒன்ராறியோ மாகாணம் 2014 வரை அழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் வைத்திருந்தது. கால்நடைகளுக்கு அது நஞ்சு என்ற விவசாயிகளின் கவலையில் நியாயம் உண்டு. ஆனாலும் ஒரு பூச்சிக்குள்ள ஒரே உணவை இப்படி வெட்டிச் சாய்த்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கிட்டப் போவதைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ். பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே பதிவு செய்ய வேண்டுமானால், லென்ஸின் முகப்பு பூச்சியிலிருந்து ஒரு சாணுக்கும் குறைந்த தூரத்துக்கு வரவேண்டும். அந்த நெருக்கத்தில் ஓரிரு மில்லிமீற்றர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கிவிடும், காற்று இலையை அசைத்தால் எல்லாமே கலைந்துவிடும். ஆனால் கருவியைக் காட்டிலும் நேரம்தான் பெரிய துணை. காற்றின் வெப்பம் ஏறத்தாழ 13 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும் அதிகாலையில் மொனார்க்கால் பறக்க இயலாது. இறகில் பனித்துளிகளுடன் பூவைப் பற்றியபடி தொங்கிக்கொண்டிருந்து, சூரியன் மேலேறியதும் இறகை விரித்து வெயில் காய்ந்து, பறப்புத் தசைகளை நடுங்கச் செய்து சூடேற்றிக்கொண்ட பின்னரே எழும். அந்த இடைவெளியில், என் நிழல் அதன்மேல் விழாத பக்கமாகப் போய், செடியைத் தொடாமல், கமராவை அதன் கண் மட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு முழந்தாளில் அமர்ந்துவிடுவேன். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படம் பிடிப்போரும் இருக்கிறார்கள். அது படமாகலாம், அந்த உயிரின் வாழ்க்கை அதில் இல்லை என்பது என் எண்ணம்.

நான் அனுப்பிய படத்தில் இலை ஒடிந்து தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அதை ஒடித்தது அந்தப் புழுவேதான். வளர்ந்த புழு மேயத் தொடங்குமுன் இலையின் நடுநரம்பைக் காம்புப் பக்கமாகக் கடித்து வெட்டிவிடுகிறது. பால் அந்த வெட்டிலேயே பொங்கி வடிந்துபோக, நுனிப்பக்கத்துக்கு வரத்து நின்றுவிடுகிறது. அதன் பிறகு திரும்பிப் போய், பால் வற்றிய பகுதியை ஓரத்திலிருந்து அரைவட்டம் அரைவட்டமாகத் தின்கிறது. முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த புழுவுக்கோ, அந்தப் பசைப் பாலில் வாய் ஒட்டிக்கொண்டால் உயிரே போய்விடலாம். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அது சிறுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, தலைகீழாகத் தொங்கி, பொன்னிறப் புள்ளிகள் பதித்த இளம்பச்சைக் கூட்டுப்புழுவாகிறது. வெளிவரும் நாள் நெருங்கும்போது அந்தப் பச்சை கண்ணாடியாகத் தெளிந்து, மடிந்த இறகின் செம்மஞ்சள் உள்ளே தெரியும். வெளியே வந்த வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் முதலில் இரண்டு தனித்தனி இழைகளாகத்தான் இருக்கிறது. அவற்றைச் சுருட்டியும் நீட்டியும் ஒன்றோடொன்று பொருத்தி அது ஒரே குழலாக்கிக்கொள்கிறது. வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும் இந்தக் காரியத்தை லென்ஸின் வழியே கண்டபோது, படம் பிடிக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊருக்கும் இந்தப் பூச்சிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. நான் வேலைக்குப் போகும் வழியில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் இருக்கிறது. அங்கே விலங்கியல் பேராசிரியராக இருந்த பிரெட் அர்க்கார்ட் என்பவரும் அவருடைய மனைவி நோராவும், குளிர்காலத்தில் மொனார்க்குகள் எங்கே போகின்றன என்பதை அறியப் பல்லாண்டுகள் உழைத்தார்கள். இறகில் சிறு ஒட்டுச்சீட்டுகளை ஒட்டிப் பறக்கவிட, கண்டம் முழுவதிலும் தொண்டர்களைச் சேர்த்தார்கள். கடைசியில் 1975 ஜனவரியில், மெக்சிக்கோவின் உயர்ந்த மலைக்காடுகளில் மரங்கள் தெரியாதபடி அவை அடைந்திருந்த இடத்தை அவர்களுடைய தொண்டர்கள் கண்டுபிடித்தார்கள். மறுவருடம் அர்க்கார்ட் அங்கே சென்றபோது, அமெரிக்காவின் மினசோட்டாவில் சீட்டு ஒட்டப்பட்ட பூச்சியொன்றைத் தம் கண்ணாலேயே கண்டார். ஏறத்தாழ அரை கிராம் நிறையே உள்ள உயிர், முன்பின் பார்த்திராத மலையைத் தேடி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகிறது. அங்கே போவது, வசந்தத்தில் அங்கிருந்து புறப்பட்டவற்றின் பேரப்பிள்ளைகளோ கொள்ளுப்பேரப்பிள்ளைகளோதான்.

இந்த மாதம் அவை ஒன்ராறியோ ஏரிக்கரைத் தோட்டங்களில் கூடுகின்றன. ஸ்காபரோவின் மணலும் களிமண்ணுமான செங்குத்து மேட்டின் விளிம்பில் உள்ள ரொசெற்றா மக்ளெயின் பூங்காவில் நின்றால், ஏரிக்காற்றுக்கு எதிராக இறகை விரித்தபடி அவை தலைக்கு மேலே செல்வதைப் பார்க்கலாம். ஆனால் நிலைமை நல்லதாக இல்லை. கனடா இவற்றை அருகிவரும் இனமாக அறிவித்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய கொடியொன்று ரூஜ் பூங்காவின் ஓரங்களை மூடிக்கொண்டு வருகிறது. அதுவும் இதே குடும்பத்துச் செடியென்பதால் மொனார்க் ஏமாந்து அதில் முட்டையிடுகிறது, பொரித்து வரும் புழுக்களோ இறந்துவிடுகின்றன. அந்தக் கொடியைப் பிடுங்கும் தொண்டர்களோடு நானும் போகத் தொடங்கியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் மக்ரோ லென்ஸுக்கு வேலையில்லை. அப்போது அந்தச் செங்குத்து மேட்டுக்குக் கீழே உள்ள புளவ்வர்ஸ் பூங்காவுக்குப் போய், உறையாத நீரில் ஒதுங்கும் ட்ரம்பெற்றர் அன்னங்களை, பனியில் படுத்துக்கொண்டு நீர் மட்டத்திலிருந்து படம் பிடிப்பேன். இறகை விரித்தால் 2 மீற்றருக்கு மேல் வரும் இந்தப் பறவை, வேட்டையால் 19ஆம் நூற்றாண்டிலேயே இம்மாகாணத்தில் அற்றுப்போயிருந்தது. ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் 1982இல் முட்டைகளை வரவழைத்துத் தொடங்கிய முயற்சியினால்தான் அது திரும்பி வந்தது. சில அன்னங்களின் இறகில் இன்றும் மஞ்சள் இலக்கத் தகடு இருக்கும். படத்தில் அந்த இலக்கம் தெளிவாக விழுந்தால், அன்னங்களைக் கவனித்து வரும் தொண்டர்களுக்கு அனுப்பி வைப்பேன்.

டிசெம்பரில் ஊருக்கு வரும் ஒருவரிடம் பெரிதாக்கிய படங்களைக் கொடுத்து விடுகிறேன். மழை தொடங்கி எருக்கலை தளிர்க்கும்போது, விடியற்காலையில் இலைகளின் அடிப்பக்கத்தைச் சற்றுப் பாருங்கள். மங்கலான வெண்ணிற முட்டைகள் தனித்தனியே இருக்கும். புழுக்கள் தென்பட்டால், அவை இலை நரம்பை எப்படிக் கடிக்கின்றன என்பதைப் பார்த்து எனக்கு விபரமாக எழுதுங்கள். தங்கச்சியிடம் சொல்லித் தொலைபேசியில் படமும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாலைத் தொட்ட கையைக் கண்ணில் வைத்துவிட வேண்டாம். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்