சலூன் கண்ணாடிக்குக் கதிர் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் இப்போது ஒரு சூரியன் தொங்குகிறது. நடுவில் 12 அங்குல வட்டக் கண்ணாடி, அதைச் சுற்றித் தென்னை ஈர்க்குக் கதிர்கள், முனைக்கு முனை மூன்றடி. வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு உரிய பங்கு ரொம்பக் குறைவு. மீதியை உரியவர்களிடம் சேர்க்கத்தான் இந்த மடல்.

நாகர்கோவில் பக்கத்தில் அப்பா 34 வருடம் சலூன் வைத்திருந்தார். போன வருடம் அந்த வாடகைக் கட்டடத்தை இடித்தார்கள். கடையைக் காலி செய்த அன்று, நாலடிக்கு மூன்றடிப் பெரிய கண்ணாடியை வண்டியில் ஏற்றும்போது மூலை தட்டி விரிசல் விழுந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, கண்ணாடியைச் சாக்குப்போட்டு மூடி, மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டார். உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக்கூடாது, தூரப் போட்டுவிடலாம் என்று அம்மா நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். எனக்குத்தான் மனசு வரவில்லை. எத்தனை மாப்பிள்ளைகள் முகூர்த்தத்துக்கு முன்னால் கடைசியாக முகம் பார்த்த கண்ணாடி அது!

சூரியன் வடிவக் கண்ணாடியைப் படங்களில் பார்த்திருக்கிறேன். 1950-களில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வீட்டு வரவேற்பறைகளில் நிறையத் தொங்கிய அலங்காரம் அது. தங்க முலாமும் பித்தளையுமாக இருக்கும். நம்மிடம் அதெல்லாம் ஏது? ஆனால் கதிர் மாதிரி நீளமாய், முனைபோகப் போக மெலிந்து வருகிற ஒரு பொருள் குமரி மாவட்டத்தில் எந்த வீட்டு முற்றத்திலும் விழுந்து கிடக்கிறதே என்று தோன்றியது. அங்கே ஆரம்பித்ததுதான்.

முதல் நன்றி கண்ணாடிக் கடை அண்ணாச்சிக்கு. விரிசலைத் தள்ளி நல்ல பகுதியைத் தேடி, ரசம் அதிகம் கெடாத இடமாகப் பார்த்து வட்டம் போட்டீர்கள். வெட்டுச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பில் வட்டத்தைக் கீறினீர்கள். அப்புறம் வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாக எட்டுக் கோடு கீறி, அடியில் மெல்லத் தட்டித் தட்டித் துண்டு துண்டாகக் கழற்றினீர்கள். அந்த எட்டுக் கோடும் கடைசியில் நாங்கள் ஒட்டப்போகிற கதிர் மாதிரியே இருந்ததை நின்று பார்த்தேன். விளிம்பைத் தண்ணீர் தொட்டுச் சாணைக்கல்லில் தேய்த்துக் கொடுத்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்லுங்க, இது உடைஞ்ச கண்ணாடி இல்ல, வெட்டின கண்ணாடி” என்றீர்கள். வீட்டில் பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்காகத் தனியாக ஒரு நன்றி.

நீங்கள் சொன்ன இன்னொன்றை மற்றவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் பசையைக் கண்ணாடியின் முதுகில் போடக்கூடாது. அதன் அமிலம் நாளடைவில் ரசத்தை அரித்துவிடும். கண்ணாடிக்கென்று விற்கிற நியூட்ரல் சிலிக்கானைக் கேட்டு வாங்க வேண்டும். ரசம் என்று நாம் சொல்கிறோமே தவிர, இன்றைய கண்ணாடியில் பாதரசம் கிடையாது. 1835-ல் ஜெர்மனியின் வேதியியலாளர் லீபிக் கண்ணாடிமேல் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மெல்ல மெல்ல எல்லாம் வெள்ளிப் பூச்சுக்கு மாற, நம் வாயில் பழைய பெயர் நின்றுவிட்டது.

ஆச்சி, வாரியல் (துடைப்பம்) கட்டுகிற ஈர்க்கைச் சுவரில் மாட்டலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது, “தரையைத் தொடாத ஈர்க்குக்கு என்ன குறை?” என்று சொல்லிவிட்டு, மறுநாளே பச்சை ஓலையைக் கிழித்து உட்கார்ந்துவிட்டீர்கள். 320 ஈர்க்கு! ஒவ்வொன்றையும் கத்தியால் இரண்டு இழுப்பு. பச்சையாக ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கிப் பசை விட்டுவிடும் என்று நாலு நாள் வெயிலில் போட்டு, மழை மூட்டம் வந்தபோதெல்லாம் ஓடி ஓடி அள்ளியதும் நீங்கள்தான்.

வட்டத்தைச் சமமாகப் பிரிக்கத் தெரியாமல் பாகைமானியோடு ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினேன். தையல்கடை அக்கா வந்து பார்த்துவிட்டு, செய்தித்தாளை வட்டமாக வெட்டச் சொன்னார். குடைப்பாவாடைக்குத் துணி மடிக்கிற மாதிரி பாதி, அதில் பாதி என்று ஐந்து மடிப்பு. பிரித்துப் பார்த்தால் 32 கோடு, அச்சுப்போட்ட மாதிரி. கோட்டுக்கு ஒரு நீளக் கட்டு, இடையில் ஒரு குட்டைக் கட்டு, கட்டுக்கு ஐந்து ஈர்க்கு. நீளம் 12 அங்குலம், குட்டை 8. அக்கா, அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பின்னால் வைக்க 16 அங்குலப் பிளைவுட் வட்டத்தை வெட்டுத்துண்டிலிருந்து இழைத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்த மரப்பட்டறை அண்ணனுக்கும், வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய தங்க நிறப் பெயிண்டை டப்பாவோடு கொடுத்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும், துளை போடும் மிஷினோடு வந்த தம்பிக்கும் நன்றி. ஈர்க்கின் அடிப்பகுதியும் கண்ணாடி விளிம்பும் சேருகிற இடம் அசிங்கமாகத் தெரிந்தது. அதை மறைக்கத் தும்புக்கயிறு தந்தவர், முன்பு கயிறு திரித்துக்கொண்டிருந்த பெரியம்மா. “ரெண்டு சுற்று போதாது, மூணு போடு” என்றார். மூன்று சுற்று போட்ட பிறகுதான் அது முழுமையாகத் தெரிந்தது. கோட்டாறு கிறிஸ்தவக் கோவிலுக்குப் போகிற ஒரு பழைய வாடிக்கையாளர், “நற்கருணை வைக்கிற கதிர்ப்பாத்திரம் மாதிரி இருக்கு” என்று (புனித அப்பத்தை வைத்துக் காட்டும் கதிர் வடிவப் பாத்திரம் அது) கைகூப்பியதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டார்.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வெட்டுக்கூலி 80 ரூபாய், சிலிக்கான் 220, ஃபெவிகால் 60, கொக்கி 20. ஆக 380. மொத்த எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அதனால் ஆணியை நம்பாமல் திருகு போட்டிருக்கிறோம்.

மாட்டி முடித்த அன்று அப்பாவைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். இடது ஓரத்தில், கயிற்றை ஒட்டி, பருப்பு அளவுக்கு ரசம் போன ஒரு புள்ளி உண்டு. அதை விட்டுத்தான் வெட்டுவோமா என்று அண்ணாச்சி கேட்டபோது இருக்கட்டும் என்றது நான். அப்பாவின் விரல் நேராக அந்தப் புள்ளிக்குப் போனது. அப்புறம் உள்ளே போய்க் கைக்கண்ணாடியை எடுத்துவந்து, திரும்பி நின்று, தன் பிடரியைத் தானே சரிபார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் மர நாற்காலி திண்ணைக்கு வந்துவிட்டது.

பழைய வாடிக்கையாளர்கள் செவ்வாய் தவிர எந்த நாளும் காலையில் வரலாம். ஒரு கட்டு ஈர்க்கும், பாதி டப்பா தங்கப் பெயிண்டும், அக்கா மடித்த காகிதமும் என்னிடம் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
சலூன்காரர் மகள்