எட்டுப்பேட்டைப் பண்டிகைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் எட்டுப் பேட்டை மாரியம்மன் கோயில்களின் ஆடிப் பண்டிகையை நடத்தும் விழாக் குழுப் பெரியவர்களுக்கும் இளவட்டங்களுக்கும் வணக்கம்.

ஆடி நெருங்குகிறது. பூச்சாட்டி, கம்பம் நட்டுவிட்டால் சேலமே மஞ்சளாகிவிடும். குகைப் பகுதியில் வண்டிகளில் சாமி வேஷம் கட்டி வரும் வண்டி வேடிக்கைக்கு யார் எந்தச் சாமி என்ற பேச்சு இப்போதே தொடங்கியிருக்கும். அதற்கு நடுவே ஒரு விஷயம். கோட்டை மாரியம்மனுக்குப் பக்கத்தில் ஓடுவதைச் சாக்கடை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது திருமணிமுத்தாறு.

போன ஆடியில் அண்ணன் மகளோடு கோயிலுக்குப் போனேன். வாசலில் உப்பும் மிளகும் வாங்கிப் போய்க் கொட்டினாள். கையில் பிளாஸ்டிக் கவர் மிஞ்சியது. "இதை எங்க சித்தப்பா போடறது?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நின்றவர் தன் கவரை வாடிய மாலையோடு சுருட்டி ஆற்றுக்குள் வீசினார். விழுந்த இடத்தில் ஏற்கெனவே கவர்களும் மாலைகளும் குவியலாகக் கிடந்தன. கறுப்புத் தண்ணீர் நகரவே இல்லை. வீசிய கையாலேயே அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். அவரைச் சொல்லி என்ன, நானும் அதே கரையில் தேங்காய்த் தொட்டி எறிந்து வளர்ந்தவன்தான்.

இந்த ஆறு எங்கிருந்தோ வந்ததல்ல. சேர்வராயன் மலையில் பிறக்கிறது. அந்த மலை உச்சியில், குகைக்குள் சேர்வராயனோடு குடியிருப்பவள் காவேரி அம்மன். கீழே இறங்கும் ஆறு கோட்டை மாரியம்மனைத் தொட்டுக்கொண்டு போய், நாமக்கல் மாவட்டத்தில் அதே காவிரியில் சேர்கிறது. நாமோ ஆடிப்பெருக்குக்கு வேன் பிடித்து மேட்டூர் போகிறோம். காவிரியில் முழுகி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்துத் திரும்பி வந்து, நம் ஆற்றைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறோம். கரூர் மாரியம்மன் கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகிற நாளில் அங்கே திரளும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

சாயக்கழிவும் வீட்டுக் கழிவுநீரும் பெரிய சங்கதி. அதற்கு வேறு ஆட்களுக்கு வேறு மடல் எழுத வேண்டும். உங்களிடம் கேட்பது சின்னது. பேட்டைக் கோயில்களிலும் உப்பு காகிதப் பொட்டலத்தில் வரட்டும். கழற்றிய மாலைகளைப் போட ஒரு குழி வெட்டுங்கள், உரமாகட்டும். அப்புறம், காணாமல்போன குழந்தை, தவறவிட்ட சாவி என்று மைக்கில் நாள் முழுக்கச் சொல்கிறோமே, நடுவே அந்த ஆற்றின் பெயரையும் சொல்லுங்கள்.

பொட்டலம் மடிக்க ஆள் குறைந்தால் கூப்பிடுங்கள். பழைய பேப்பர் கட்டோடு நானும் அண்ணன் மகளும் வருகிறோம்.

இப்படிக்கு,
கோட்டைப் பக்கத்துக்காரன்