கேட்டுவிட்டு அருகில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாயுடன் நடப்பவர்கள் எதிரெதிரே வரும்போது அடிக்கடி காதில் விழுவது, "பயப்படாதீங்க, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சு. சொல்பவர் தன் நாயைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் எதிரே வரும் நாயைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அதற்குத் தையல் இன்னும் பிரிக்காமல் இருக்கலாம். இடுப்பு மூட்டு தேய்ந்து, லேசாக இடித்தாலே வலிக்கும் கிழநாயாக இருக்கலாம். முன்பு கடிபட்ட பயம் தெளியாததாகவும் இருக்கலாம். அதனால் நாயை நெருங்கவிடும் முன் "பக்கத்தில் வரலாமா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்ற வேண்டும்.

மூக்கோடு மூக்கு முட்டியபின் கேட்டுப் பயனில்லை. ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்றே கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் காரணம் விசாரிக்கக் கூடாது. எதிரில் வருபவர் பேசாமல் கயிற்றைச் சுருக்கிக்கொண்டு ஓரமாகப் போனால் அதுவும் 'வேண்டாம்' என்பதுதான். சில நாடுகளில், ஒதுங்கி நிற்க விரும்பும் நாயின் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டுகிறார்கள். வாய்க்கூடை போட்ட நாயைப் பார்த்து, 'இனி கடிக்காது' என்று தன் நாயை நெருங்க விடுவதும் தவறு. கண்டதைத் தின்னாமலிருக்கப் போட்டிருப்பார்கள், பயந்த நாய் என்பதாலும் போட்டிருப்பார்கள்.

கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை, நீளம் மாறாததாக இருப்பது நல்லது. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் கயிறு ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு ஏற்றதல்ல. நாய் ஐந்து மீட்டர் முன்னே போய்விட்டால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது பிடித்திருப்பவருக்குத் தெரியாது. இரண்டு நாய்கள் சுற்றிச் சுற்றி ஓடும்போது அந்த மெல்லிய நூல் காலில் சிக்கி, உராய்வில் தோலை உரித்துவிடும்.

ஒருவரையொருவர் கடக்கும்போது மனிதர்கள் நடுவிலும் நாய்கள் வெளிப்பக்கத்திலும் இருக்கட்டும். கயிறு குட்டையாக இருக்கலாம், விறைப்பாக இருக்கக் கூடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இழுத்துப் பிடித்தால் நாயின் முன்னுடம்பு மேலெழுந்து நெஞ்சு முன்னே தள்ளும். எதிரில் வரும் நாயின் கண்ணுக்கு அது சண்டைக்கு நிற்பதுபோலத் தெரியும். இன்னொரு நாய் தென்படும்போதெல்லாம் கழுத்து இறுகினால், அந்த வலியையும் அந்த நாயையும் முடிச்சுப்போட்டு நம் நாய் மனதில் பதித்துக்கொள்ளும். 'அவிழ்த்துவிட்டால் சாது, கயிறு போட்டால் மட்டும் குரைக்கிறது' என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நாய்கள் தாமாகச் சந்தித்தால் நேருக்கு நேர் வருவதில்லை. பக்கவாட்டில் வளைந்து வந்து, பின்புறத்தை மோந்து பார்த்துத்தான் அறிமுகமாகும். குறுகலான நடைபாதையில் நாம்தான் அவற்றை நேருக்கு நேர் நிறுத்துகிறோம். அரைவட்டமாக விலகி நடங்கள், முடிந்தால் சாலையின் மறுபக்கம் போங்கள்.

இருவரும் சம்மதித்தால் மூன்று வினாடி மோந்து பார்க்கட்டும், பிறகு கூப்பிட்டு விலக்குங்கள். இரண்டும் தளர்வாக இருந்தால் மறுபடி விடலாம். வால் ஆடுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. உடம்பு முழுவதும் நெளிய வால் ஆடினால் மகிழ்ச்சி. உடம்பு விறைத்து, வாய் மூடி, உயரத் தூக்கிய வால் மட்டும் வெடவெடவென்று ஆடினால் அடுத்து சண்டை வரலாம். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'கொஞ்சம் தள்ளிப் போ' என்ற கோரிக்கை. உறுமலுக்காக நாயை அடிக்கவே கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் எச்சரிக்காமல் கடிக்கப் பழகிவிடும்.

இன்னொரு நாயைப் பார்த்த நிலையிலும் முதல் அழைப்பிலேயே திரும்பி வரும் நாயை மட்டும், அனுமதி உள்ள இடத்தில் அவிழ்த்து விடலாம். கயிற்றில் உள்ள நாய் கண்ணில் பட்டதும் உங்கள் நாய்க்கும் கயிறு போட்டுவிடுங்கள். கட்டுண்ட நாயால் தப்பி ஓட முடியாது. ஓட வழியில்லாதபோதுதான் அது பல்லைக் காட்டுகிறது.

பருவத்திலிருக்கும் பெட்டை நாயைச் சுமார் மூன்று வாரம், நாய்கள் கூடாத நேரத்தில் அழைத்துச் செல்வதே மற்றவர்களுக்குச் செய்யும் உதவி. பதினாறு வாரம் நிரம்பாத அல்லது தடுப்பூசிகள் முடியாத குட்டியிடம் உங்கள் நாயை மோப்பம் பிடிக்க விடாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கழிவை உடனே அள்ள வேண்டியதும் இதனால்தான். நாயின் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டைகள் கழிவோடு வெளியே வந்து சில வாரங்களில் தொற்றும் நிலையை அடைந்து, மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். 'மழையில் கரைந்துவிடும்' என்று விட்டுப்போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது தேவைக்கு மேல் இரண்டு பை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர் மறந்திருந்தால் கொடுக்கலாம்.

மற்றவர் நாய்க்குக் கேட்காமல் தின்பண்டம் தர வேண்டாம். அதற்கு ஒவ்வாமை இருக்கலாம். இரண்டு நாய்களுக்கு நடுவே நீட்டிய பிஸ்கட்டே பல சண்டைகளுக்குக் காரணமாகிவிடுகிறது.

சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப்பட்டையை எட்டிப் பிடிக்காதீர்கள், கை கடிபடும். ஒரு நாய் கவ்வியிருக்கும்போது மற்றதை இழுத்தால் சதை கிழியும். முகத்தில் தண்ணீர் ஊற்றலாம், நடுவே குடையை விரிக்கலாம், பையைத் திணிக்கலாம். அதற்கும் மசியாவிட்டால், பிடி தளரும் நேரம் பார்த்து, இருவரும் ஒரே சமயத்தில் அவரவர் நாயின் பின்தொடைகளைப் பிடித்துத் தூக்கி, அது திரும்பிக் கடிக்காதபடி வட்டமாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். கத்தினால் வெறி கூடும்.

விலக்கியபின் யார் மேல் தப்பு என்று பேசும் முன் தொலைபேசி எண்ணையும் தடுப்பூசி விவரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ரோமத்துக்குள் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். பல் பதிந்த சின்னத் துளை மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும் என்பதால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதர் கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 'எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு' என்று உரிமையாளர் சொன்னாலும் போக வேண்டும்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர் ஒருவர்