மூல் கணக்கும் ஒரு கிலோ நெத்தலியும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு போனில் "பன்னிரண்டாம் தரப் பிள்ளைகளுக்கு மூல் கணக்கு தலைக்குள் போகவே இல்லை அப்பா" என்று நீ சொல்லி முடிக்க லைன் அறுந்துவிட்டது. அட்டன் மலைக்குள் அடுத்த சிக்னல் எப்போது வருமோ தெரியாது, அதுதான் எழுதுகிறேன். நான் ஆசிரியர் இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குடுவை கழுவியவன். ஆனாலும் பிள்ளைகள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்றே பார்த்தவன்.

முதல் நாளே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியிருப்பாய். திணிவை மூலர்த் திணிவால், அதாவது ஒரு மூலின் கிராம் கணக்கால், பிரித்தால் மூல் வரும். பிள்ளைகளும் பிரித்துவிடுவார்கள். எதற்காகப் பிரித்தாய் என்று கேட்டால் முழிப்பார்கள்.

அவர்களுக்கு நம்முடைய மீன் சந்தையைச் சொல்லு. ஒரு கிலோ நெத்தலியும் ஒரு கிலோ பாரையும் தராசுக்கு ஒன்றுதான். பாரை ஒரே மீனாக நிற்கும், நெத்தலியை எண்ணி முடிக்க அம்மாவுக்கு ஒரு பகல் வேண்டும். பந்தியில் ஆளுக்கு ஒரு மீன் வைக்க வேண்டுமென்றால் கிலோக் கணக்கை வைத்து என்ன செய்வது? தலைக்கணக்குத்தான் வேண்டும். அணுக்களும் ஆளுக்கு ஆள் என்றுதான் சேரும், கிராமுக்குக் கிராம் என்று சேராது. சமன்பாட்டில் இருப்பது தலைக்கணக்கு. தராசுக்குத் தெரிந்தது கிராம். இரண்டுக்கும் நடுவில் நின்று மாற்றிச் சொல்வதுதான் மூல்.

நான் படித்த காலத்தில் 12 கிராம் காபன்-12 இல் எத்தனை அணுக்கள் இருக்கிறதோ அதுதான் ஒரு மூல் என்றார்கள். 2019 மே 20 இலிருந்து அந்த எண்ணையே வரைவிலக்கணமாக்கிவிட்டார்கள்: 6.02214076 பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்கு. பாவம் இத்தாலிய விஞ்ஞானி அவகாதரோ, தன் பெயரில் வந்த எண்ணைக் காணாமலே 1856 இல் போய்விட்டார். பிள்ளைகளுக்கு 6.022 போதும்.

அப்புறம், எந்தப் பொருள் முதலில் முடியும் என்கிற கணக்கு. பிள்ளைகள் அதிகம் விழுகிற குழி இது. கோயில் திருவிழாவில் சோற்றுப் பார்சல் கட்டினோமே, ஞாபகமா? பார்சலுக்கு ஒரு கத்தரிக்காய்ப் பொரியல், இரண்டு அப்பளம். பொரியல் முப்பது பங்கு இருந்தது, அப்பளம் ஐம்பது. கட்ட முடிந்தது இருபத்தைந்து பார்சல்தான். அப்பளம்தான் எண்ணிக்கையில் கூட, ஆனால் முதலில் முடிந்ததும் அதுதான். இதைச் சொல்லிவிட்டு இந்தக் கணக்கைக் கொடு: 2.4 கிராம் மகனீசியம், 2.4 கிராம் ஒட்சிசன், எரித்தால் எவ்வளவு மகனீசியம் ஒட்சைட்டு வரும்? பாதி வகுப்பு இரண்டையும் கூட்டி 4.8 என்று எழுதும். மகனீசியம் 0.1 மூல். ஒட்சிசன் மூலக்கூறு 0.075 மூல், இரண்டு மகனீசியத்துக்கு ஒரு ஒட்சிசன் மூலக்கூறு போதும் என்பதால் தேவைப்படுவது 0.05 மூல்தான். ஆகவே 4.0 கிராம் ஒட்சைட்டு வரும், 0.8 கிராம் ஒட்சிசன் மிஞ்சும். மிச்சத்தையும் எழுதச் சொல்லு. கூட்டிப் பார்த்தால் 4.8 வந்துவிடும், தாங்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

நான் விட்ட பிழை ஒன்றை உனக்கு இதுவரை சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. நியமிப்புக்காக, அதுதான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற சோதனைக்காக, 0.05 மூலர் (லீற்றருக்கு 0.05 மூல்) சோடியம் காபனேற்றுக் கரைசல் 250 மில்லிலீற்றர் கேட்டார்கள். மூலர்த் திணிவு 106, ஆகவே 1.325 கிராம் என்று கணக்குப் போட்டு மிகக் கவனமாக நிறுத்தேன். எடுத்த போத்தலில் இருந்தது பளிங்குச் சோடா. ஒவ்வொரு அலகோடும் பத்து நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மூலர்த் திணிவு 286. நான் 3.575 கிராம் எடுத்திருக்க வேண்டும். 0.1 மூலர் அமிலம் 25 மில்லிலீற்றர் போக வேண்டிய இடத்தில் 9.3 இலேயே மெதயில் செம்மஞ்சள் காட்டியின் நிறம் மாறிவிட்டது. வகுப்பு முழுக்க ஒரே விடை, முழுக்கப் பிழை. அமிலம் விடுகிற அளவியில் கசிவு என்று ஒருவர், காட்டி பழசு என்று இன்னொருவர். உண்மை எனக்குப் பின்னேரம் போத்தலின் லேபிளைப் படித்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து லேபிளை முழுதாகப் படிக்காமல் தராசைத் தொட்டதில்லை. கணக்கில் பிழையே இல்லை, மகள். போத்தலில்தான் பிழை. உன் பிள்ளைகளிடமும் நிறுக்க முன் "நீரற்றதா, நீரேறியதா?" என்று கேள்.

அலகு எழுதாத விடைக்குப் புள்ளி போடாதே. அழுவார்கள், பரவாயில்லை.

நம்மூர்க் கணக்கு ஒன்றும் தருகிறேன். புல்மோட்டைக் கரையில் கறுப்பாக மினுங்குகிற மணலை நீ சின்னதில் கை நிறைய அள்ளினாய் அல்லவா, அதில் இல்மனைற்று இருக்கிறது. சுத்தமான இல்மனைற்றில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு தைத்தேனியம், மூன்று ஒட்சிசன். சாரணுத் திணிவு முறையே 56, 48, 16. வெள்ளைப் பெயின்ற்றுக்கு வெள்ளை நிறம் கொடுக்கும் தைத்தேனியமீரொட்சைட்டை அதிலிருந்தும் எடுக்கிறார்கள். ஒரு தொன் சுத்தமான இல்மனைற்றிலிருந்து அதிகபட்சம் எத்தனை கிலோ எடுக்கலாம்? விடையை நான் எழுதவில்லை, நீயும் கரும்பலகையில் எழுதாதே. யாராவது 526 என்று சொன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அம்மா நெத்தலிக் கருவாடு அரைக்கிலோ கட்டி வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்புகிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படு.

அன்புடன்,
அப்பா