காரியச் சாமான் வாங்கிவந்த வார்டன் சாருக்கு

அன்புள்ள ஊராருக்கும், உறவினருக்கும், சபையாருக்கும், விடுதி நண்பர்களுக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

அப்பாவுக்கு என்ன நேர்ந்தது, அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படிக் கிடந்தது என்பதை இந்த மடலைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அதைத் திரும்பவும் எழுத்தில் வடிக்கும் தெம்பு இன்னும் எனக்கு வரவில்லை. ஆனால் நன்றி சொல்வதைத் தெம்பு வரும்வரை தள்ளிப்போடுவது முறையன்று என்று அம்மா நேற்றும் நினைவூட்டியதால், இன்று எழுத உட்கார்ந்தேன்.

நள்ளிரவில் வண்டி எடுத்துவந்த ஓட்டுநர் அண்ணனுக்கும், ரத்தம் கொடுத்த விடுதித் தம்பிகளுக்கும், வருகைப்பதிவுக் குறைவைப் பெரிதுபடுத்தாமல் என்னைத் தேர்வெழுத விட்ட பேராசிரியர்களுக்கும், பந்தலும் நாற்காலியும் அனுப்பிவிட்டு வாடகைப் பேச்சையே எடுக்காத மேலப்பாளையத்துப் பாய்க்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் தங்கள் வீடுகளிலிருந்து சோறு கொண்டுவந்த தெருப் பெண்கள் அனைவருக்கும், பாடகர் குழுவில் பணம் திரட்டி உறையின்மேல் பெயர் எழுதாமல் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே எழுத வேண்டும்தான். இங்கே ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டேன் என்று யாரும் வருந்தமாட்டீர்கள் என்று நம்புகிறேன். மீதமுள்ள இடத்தை எங்கள் விடுதி வார்டன் சாருக்காக வைத்துக்கொள்கிறேன். அவர் பெயரை எழுதக்கூடாது என்பது அவருடைய கட்டளை. பாளையங்கோட்டையில் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் கணக்குப் பாடம் படித்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

காரியத்துக்கு முந்தைய நாள் மாலையில், அதை நடத்திவைக்க வேண்டிய பெரியவர் ஒரு சாமான் பட்டியலைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்: கறுப்பு எள், பச்சரிசி, தர்ப்பை, நவதானியம், மஞ்சள், சூடம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், கோடி வேட்டி, துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போக ஆள் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளாக நான் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம் பெறவில்லை என்றாலும் என் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது நண்பர்களுக்குத் தெரியும். ஜெபக்குழு நண்பர்கள் சிலர் அன்று காலையில்தான் வந்து, இந்தச் சடங்கில் நீ உட்காரக்கூடாது, “மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்” என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் என்று உறுதியாகக் கூறிச் சென்றிருந்தார்கள். அவர்கள் என்மேல் அக்கறையில்லாதவர்கள் அல்லர். ஆனால் வீட்டுக்கு ஒரே மகன் நான். உள்ளே அம்மா இருந்தார்.

சார் வந்தார். நான் கேட்டேன்: “சார், நான் உட்காரலாமா, கூடாதா?” அவர் பதில் சொல்லவில்லை. பட்டியலை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு முறை படித்தார். கறுப்பு எள் எத்தனை கிராம் என்று பெரியவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு தன் பழைய டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

கடையில் நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த நாட்டுமருந்துக் கடைக்காரரின் மகன் எங்கள் விடுதித் தம்பி. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாட்டுப்புத்தகத்தோடு நிற்கிற சார், காரியச் சாமான் பட்டியலை நீட்டியதும் கடைக்காரர் திகைத்து, “யாருக்கு சார்?” என்று கேட்டாராம். “என் பையனுக்கு” என்றாராம் சார். தர்ப்பை எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பழையதை ஒதுக்கிவிட்டுப் பச்சை குறையாததாகப் பார்த்து எடுத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்குப் பையோடு திரும்பியபோது பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே விலை எழுதி, கீழே கூட்டிப் போட்டிருந்தது. கணக்கு வாத்தியார் அல்லவா, கூட்டலில் பிழையும் இல்லை.

மறுநாள் விடியலில் தாமிரபரணிக் கரைக்கும் வந்தார். படித்துறையின் மேல் படியில் என் உலர்ந்த வேட்டியையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சடங்கில் அவர் பங்கெடுக்கவில்லை. திருநீறு நீட்டியபோது, வேண்டாம் என்பதைக் கைகூப்பிச் சொன்னார். அதைக் கொடுத்த பெரியவரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் நம்பிக்கையில் ஓர் இம்மியும் விட்டுக்கொடுக்காமல், என் அப்பாவுக்கு நான் செய்ய வேண்டியதில் ஓர் இம்மியும் குறையவிடாமல் ஒரு மனிதரால் நிற்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். நான் தண்ணீரிலிருந்து ஏறி வந்ததும் துண்டை என் தலையில் போட்டுத் துவட்டிவிட்டார். அப்பா போனபின் என் தலையை யாரும் தொட்டிருக்கவில்லை.

மதியம் எங்கள் தெருவில் பந்தி. எங்கள் தெருவில் இலை போட்டால் உட்காரத் தயங்குகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. சார் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைப் பற்றி அம்மா இன்றைக்கும் பேசுகிறார்.

சில வாரங்கள் கழித்து என் பழைய கேள்வியை மறுபடியும் எடுத்தேன். அப்போதுதான் சார் வேதத்தைத் திறந்தார். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். தொழுநோயிலிருந்து குணமான சீரிய நாட்டுப் படைத்தலைவன் நாகமான், இனிக் கர்த்தரைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு சங்கடத்தையும் எலிசாவிடம் சொல்கிறான்: என் அரசர் என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலுக்குப் போவார், அவரோடு நானும் அங்கே குனிய வேண்டியிருக்கும், அதை மட்டும் மன்னிக்க வேண்டும் என்கிறான். தீர்க்கதரிசி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. “சமாதானத்தோடே போ” என்று அனுப்பிவிடுகிறார். அடுத்து மாற்கு ஏழாம் அதிகாரம்: பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கைக் கணக்கில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறவர்களை இயேசு கடிந்துகொள்ளும் இடம். என் நண்பர்கள் சொன்ன வசனத்தையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. பின்பற்றி வரச் சொன்னபோது நாள் கடத்தப் பார்த்தவனிடம் அது சொல்லப்பட்டிருக்கலாம். உன் விஷயத்தில் எது சாக்கு, எது கடமை என்று நீயே யோசித்துப் பார் என்றார். இதில் எல்லாரும் சாரோடு உடன்படமாட்டார்கள் என்பது தெரியும். நம் சபையிலேயே வேறுவிதமாகக் கருதும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட இந்த மடலை எழுதவில்லை.

சார் என்னை விசுவாசத்துக்குள் எப்படிக் கொண்டுவந்தார் என்று பலர் கேட்கிறார்கள். சிலர் அன்போடும் சிலர் சந்தேகத்தோடும் கேட்பதால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் மாலை ஜெபம் கிறிஸ்தவ மாணவர்களுக்குத்தான் கட்டாயம். மற்றவர்கள் வாசிப்பறையில் இருக்கலாம். முதல் ஆண்டு முழுவதும் நான் வாசிப்பறையில்தான் இருந்தேன். அங்கேயே வந்து எனக்கு வகைக்கெழுவும் தொகையீடும் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் நானாகக் கேட்டபோதுதான், நான்கு சுவிசேஷங்களில் சிறியதான மாற்குவைக் கொடுத்து, புரியாததை நோட்டில் எழுதிவரச் சொன்னார். என் கேள்விகளில் பாதிக்கு “எனக்கும் தெரியவில்லை” என்றே பதில் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆசிரியரை அதற்குமுன் நான் அதிகம் கண்டதில்லை.

நான் பட்டியல் சாதியில் பிறந்தவன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே பட்டியல் சாதித் தகுதி உண்டு, கிறிஸ்தவனானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவாய், வேலைத் தேர்வுகளில் அது உன்னைப் பாதிக்கும் என்பதை எனக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் சார்தான். அந்த ஆணை நியாயமற்றது என்பது அவர் கருத்து. ஆனாலும் அதன் விளைவைச் சுமக்கப்போவது நீ, ஆகவே படிப்பு முடிந்து, சொந்தக் காலில் நின்று, உன் அம்மாவிடம் நேராகப் பேசியபிறகு முடிவெடு என்றார். ஆள் சேர்க்க நினைப்பவர் யாரும் இப்படி வழியில் முள்வேலி போடமாட்டார்கள்.

ஒருமுறை கேட்டேன்: “கடைசிவரை நான் ஞானஸ்நானம் வாங்காவிட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா, சார்?” அவர் சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிச் சொன்னார். தஞ்சையில் அந்த ஜெர்மானிய மிஷனரியின் நிழலில் இருவர் வளர்ந்தார்கள். ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமையில் 1774இல் பிறந்து, சிறுவயதிலேயே அவரோடு தஞ்சைக்குப் போய்ப் பெரும் கிறிஸ்தவக் கவிஞரான வேதநாயகம் சாஸ்திரியார். மற்றவர் இளவரசர் சரபோஜி. துளஜா மன்னர் தம் தத்துப்பிள்ளையான அவரைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு 1787இல் இறந்தார். சுவார்ட்ஸ் அவருக்குக் கல்வி கொடுத்தார், அரியணை உரிமைக்காகவும் வாதாடினார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனால் 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தபின், மரணப்படுக்கையில் தாம் அவரைக் காணும் காட்சியை ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்கில் செதுக்கவைத்து, தஞ்சையிலுள்ள கிறிஸ்தவ தேவாலயத்தில் நிறுவியவர் அவரே. “இருவரில் யாரிடம் சுவார்ட்ஸ் தோற்றார் என்று சொல், பார்ப்போம்” என்றார் சார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவிடமும் பேசிவிட்டேன். “அந்த சார் கும்பிடுற சாமிதானே? எங்கிட்ட மறைக்காம கேட்டியே, அது போதும்” என்றார். அவருக்கு மனக்கலக்கமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பூஜை அலமாரி அம்மாவின் விருப்பப்படி இருந்த இடத்திலேயே இருக்கும், அப்பாவின் படமும் அங்கேயே இருக்கும். அப்பாவின் திதியன்று அம்மாவை ஆற்றங்கரைக்கு நான்தான் அழைத்துப்போவேன் என்று சேகர குருவானவரிடமும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். வருகிற உயிர்த்தெழுதல் பண்டிகையன்று எனக்கு ஞானஸ்நானம். வர விரும்புகிற உறவினர் எந்தத் தயக்கமும் இல்லாமல் வரலாம். வர மனமில்லாதவர்கள்மேல் எனக்குச் சிறிதும் மனத்தாங்கல் இல்லை.

சனிக்கிழமைதோறும் விடுதி வாசிப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த அறைக்கு வரும் பையன்களிடம் அவர்களாகக் கேட்கும்வரை என் விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். கேட்டால் மறைக்கவும் மாட்டேன். இதை எல்லாரும் அறிய எழுதிவைப்பதற்குக் காரணம், நாளை நான் மீறினால் யாராவது பிடித்துக் கேட்க வேண்டும் என்பதுதான்.

கடைசியாக ஒரு செய்தி, சார். அந்தப் பட்டியலின் அடியில் நீங்கள் கூட்டிப்போட்ட தொகையை முதல் சம்பளத்தில் கொண்டுவந்தபோது, வாங்கமாட்டேன் என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இந்தப் பருவத்துக்கு உணவுக் கட்டணம் கட்ட முடியாமலிருந்த ஒரு தம்பியின் பெயரில் விடுதி அலுவலகத்தில் கட்டிவிட்டேன். யார் கட்டியது என்று அவனிடம் சொல்ல வேண்டாம். ரசீது உங்கள் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், வருகைப்பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது. கோபப்படாமல் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் விடுதிப் பையன்