கோடாலி தைலமும் உன் கால் எரிச்சலும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து மருமகன் கோடாலி தைலமாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார், தெருவுக்கே விநியோகம் நடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நடக்கட்டும். அங்கேயிருந்து யார் வந்தாலும் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது அதுதானே!

'இதெல்லாம் நிஜமாகவே கேட்குமா, மருந்துக்கடைக்காரன் நீ சொல்லு' என்கிறாய். மூக்கடைத்தால் ரெண்டு சொட்டு தேய்த்து இழுத்துவிட்டு, 'அப்பாடா, திறந்துடுச்சு' என்கிறோம். மூக்கு ஒன்றும் திறப்பதில்லை. அதிலுள்ள மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடும். காற்று தாராளமாகப் போகிறது என்று மூளை நம்பிவிடும். உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், ராத்திரி தூக்கம் வருகிறதல்லவா? சளி எப்படியும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும், பெயர் மட்டும் தைலத்துக்கு. அமிர்தாஞ்சனத்தை 1893இல் பம்பாயில் தொடங்கிய நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகவே கொடுத்தார் என்பார்கள். கெட்டிக்கார மனுஷர். மயிலாப்பூரில் லஸ் பக்கம் நாம் போய் உட்காரும் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் பேரனுக்கு வேண்டாம். கற்பூரம் கலந்த எதையும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். உன் வீட்டம்மா கோபித்தாலும் பரவாயில்லை. அலமாரியிலிருக்கும் பழைய சிரப்பையும் தொடாதே. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே போடச் சொல்லி 2023இல் உத்தரவு வந்துவிட்டது. குழந்தைக்கு மூக்கில் விடும் உப்புத்தண்ணீர்ச் சொட்டு போதும்.

எனக்கு யோசனையெல்லாம் உன் காலைப் பற்றித்தான். 'நரம்புத் தளர்ச்சி' என்று நீயே பெயர் வைத்துக்கொண்டு, தினமும் தைலம் தேய்த்து, அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் வேறா? சர்க்கரைக்காரன் கால்டா அது. மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளமானதைக் காலையில் செருப்பு மாட்டும்போதுதான் பார்ப்பாய்.

கடைக்கு வருகிறவர்கள், 'அண்ணே, நரம்புக்கு அந்த சிவப்பு ஊசி ஒண்ணு' என்று கேட்பார்கள். அது வைட்டமின் பி12. குறைச்சல் இருப்பவனுக்கு அருமையான மருந்து, இல்லாதவனுக்கு வெறும் சிவப்புத் தண்ணீர். நீ வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவன். அது பி12ஐக் குறைக்கக்கூடியது. அதனால் ஊசிக்கு ஓடுவதற்கு முன்னால் ரத்தத்தில் பி12 எவ்வளவு என்று பார், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் சேர்த்துப் பார். நரம்பு எரிச்சலுக்கு பிரிகாபலின் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. அதை டாக்டர்தான் எழுத வேண்டும், என்னிடம் கேட்காதே.

கடையை இப்போது சின்னவன் பார்த்துக்கொள்கிறான். கம்ப்யூட்டர் பில்லெல்லாம் போடுகிறான், ஆனால் அட்டையிலிருந்து ஒரே ஒரு மாத்திரை வெட்டிக் கேட்கும் பாட்டிகளைச் சமாளிக்கத் தெரியவில்லை. சாயங்காலம் நான் போய் உட்கார்கிறேன். பொங்கலுக்கு அங்கே வரலாமென்று கமலா சொல்கிறாள். மருமகன் அதுவரை இருப்பாரா? ரிசல்ட் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
பாலு